காபி குடித்து வருவதற்குள்

திரையில், சங்கத் தலைவர் செங்கோட்டையனின் படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டமும் அதன் மூலையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறியும் இருந்தன. அன்புச்செல்வி பக்கத்தை மறுபடியும் திறந்து பார்த்தாள், அதே கட்டம்தான். காந்திபுரம் இன்டர்நெட் சென்டரில் அவள் நாற்காலியைச் சுற்றி பம்பு உற்பத்தியாளர் சங்கத்தின் கமிட்டியே திரண்டு நின்றது. அடுத்த மாத மாநாட்டுக்கு வெளிநாட்டுக்காரர்கள் பார்த்துப் பதிவு செய்ய ஒரு வெப்சைட். தொண்ணூற்றெட்டில் அது பெரிய சங்கதி. இன்று கமிட்டிக்குப் பிடிக்காவிட்டால் வேலை மெட்ராஸ் கம்பெனிக்குப் போய்விடும்.

மெட்ராஸ்காரர்கள் கேட்ட தொகை மாநாட்டுச் சாப்பாட்டுச் செலவையே விழுங்கிவிடும் போலிருந்தது. அதனால்தான் செயலாளர் சீனிவாசலு துடியலூரில் கடை வைத்துக் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக்கொண்டிருந்தவளைத் தேடி வந்தார். "நம்ம புள்ள நல்லாச் செய்யுமுங்க" என்று கமிட்டியில் தனியாளாக நின்று வாங்கித் தந்த வேலை. முகூர்த்த மாதம் போனால் கடையில் ஈதான் ஓட்ட வேண்டும். இது அமைந்தால் நாலு பேர் தேடி வருவார்கள். அவசர அவசரமாகக் கட்டினாள். இன்டர்நெட்டுக்கு மணிக்கணக்கில் காசு என்பதால், சிக்கனமாகத் தன் கடைக் கம்ப்யூட்டரிலேயே எல்லாவற்றையும் சரிபார்த்தாள். அங்கே படங்கள் பளிச்சென்றுதான் தெரிந்தன.

தெரியாமல் என்ன செய்யும்? படம் எங்கே இருக்கிறது என்று வெப்சைட்டில் அவள் எழுதி வைத்திருந்தது தன் கடைக் கம்ப்யூட்டரின் விலாசத்தை. படங்களை இன்டர்நெட்டில் முறையாக ஏற்றியும் பயனில்லை, உலகமே துடியலூருக்கு வந்து தேடினால்தான் உண்டு. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அவள் பூனைகூட இல்லை.

"ஏனுங்க, என்ற மூஞ்சியவே காணமுங்க?" என்றார் தலைவர். "அப்பவே சொன்னனுங்களே, மெட்ராசுக்கே குடுத்துப்போடலாமுன்னு."

சீனிவாசலுவுக்குக் கம்ப்யூட்டரின் சுவிட்சு எது என்றுகூடத் தெரியாது. அவர் திரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமாகும் அம்மணி?"

"அரை மணி போதுமுங்க சார்."

"புதுப் பம்பு மாட்டுன ஒடனே தண்ணி கொட்டுமுங்களா? உள்ள இருக்கற காத்து மொதல்ல போவோணுமல்ல. வாங்க, ஒரு காபி குடிச்சுப்போட்டு வரலாம்" என்று சீனிவாசலு தலைவர் பக்கம் திரும்பினார்.

காபிக்குக் கூப்பிட்டால் மாட்டேன் என்பது இந்தப் பக்கத்தில் மரியாதையில்லை. தலைவர் முணுமுணுத்தபடியே வெளியே போய்ச் செருப்பை மாட்டினார்.

படத்தின் விலாசம் இருந்த வரிகளை அவள் ஒவ்வொன்றாகத் திருத்தினாள். பெற்ற அப்பன்கூட சீனிவாசலுவைப் போல முன்னால் நின்றிருப்பாரா என்று நினைத்தபோது கண் நிறைந்தது. துடைக்க நேரமில்லை.

அவர்கள் திரும்பி வந்தார்கள். டெலிபோன் லைன் மெதுவானது, படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் ஒரு வழுக்கை.

"யாருங்க இது?" என்றார் கமிட்டிக்காரர் ஒருவர்.

"மண்டையப் பாத்தாத் தெரியலீங்களா? நம்ம தலைவருங்க!" என்றார் இன்னொருவர்.

சென்டரே சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டார். திருநீற்று நெற்றி இறங்கியது.

"ஆறிப்போகும், குடிங்கம்மணி." சீனிவாசலு பேப்பரால் மூடிய ஒரு டம்ளரை நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ரோட்டைத் தாண்டி அவரே ஏந்தி வந்திருக்கிறார். அவருடைய வெள்ளைச் சட்டையின் கைப்பக்கம் காபி சிந்தி இன்னும் ஈரமாக இருந்தது. திரையில் தலைவரின் மீசை இறங்கிக்கொண்டிருந்தது.