இடித்துக் கொடுத்த மாத்திரை

"இந்த மாத்திரைக்குக் கேக்கலன்னா அடுத்து ஸ்டீராய்டு, அப்புறம் ஊசி. அதுக்கும் அடங்கலன்னா பெருங்குடலை எடுக்குறதுதான் வழி" என்றார் டாக்டர் நஜ்முன்னிசா.

அல்போன்சாவின் காதில் கடைசிப் பேச்சு மட்டும்தான் விழுந்தது. பக்கத்து நாற்காலியில் மகள் வினோலியா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அகரம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பெருங்குடலில் புண். ரத்தமும் சளியுமாகப் போய்ப் போய்ப் பாதி ஆளாகியிருந்தாள்.

"மாத்திரையச் சொன்னபடிதான சாப்பிடுறீங்க?"

வினோலியா வாயைத் திறக்குமுன் அல்போன்சா முந்திக்கொண்டாள். "ஆமாங்க டாக்டரம்மா."

டாக்டர் எதைக் கேட்டாலும் ஆமாம் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் திட்டு விழும். இது அந்தப் பக்கத்தில் யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை, தாய்ப்பாலோடு வருவது. சளி, காய்ச்சலுக்கு அந்த ஆமாம் போதும். குடலுக்குப் போதுமா?

நடந்தது இதுதான். மாத்திரை தொடங்கிய புதிதில் ரத்தம் நன்றாகக் குறைந்தது. அப்புறம் ஒருநாள் வினோலியா கழிவறையிலிருந்து வெளிறிப்போய் வந்தாள். "அம்மா, மாத்திரை போட்ட மாதிரியே முழுசா வெளிய வந்துருக்கு." அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மருந்து உடம்பில் ஒட்டாமல் ஓடிப்போகிறது, பிள்ளை செத்துப்போவாள் என்றே அல்போன்சா முடிவு கட்டிவிட்டாள். மறுநாளிலிருந்து மாத்திரையை இடிகல்லில் நுணுக்கித் தேனில் குழைத்துக் கொடுத்தாள். மகள் கேட்டதற்கு, "டாக்டரம்மாட்ட போன்ல கேட்டுட்டேன் தாயி, இடிச்சுத்தான் குடுக்கச் சொன்னாங்க" என்று கூசாமல் புளுகினாள்.

ரத்தம் திரும்பியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது.

"சொன்னபடி சாப்பிட்டும் கேக்கலல்ல, அப்ப மாத்திரைய மாத்திட வேண்டியதுதான்" என்று டாக்டர் பேனாவை எடுத்தார்.

சொன்னால் மகள் இனி தன் முகத்தில் விழிக்க மாட்டாள். சொல்லாவிட்டால் மகளுக்குக் குடல் இருக்காது. மாதாவே, இப்படியும் ஒரு தாயைக் கொண்டு வந்து நிறுத்துவாயா என்று அவள் உள்ளுக்குள் அழுதாள்.

"டாக்டரம்மா, நான் அத இடிச்சுக் குடுத்தேன்."

பேனா நின்றது. அல்போன்சா எல்லாவற்றையும் சொன்னாள், போன் பொய்யையும் சேர்த்து.

டாக்டர் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "அதுக்கு மேல ஒரு பூச்சு இருக்கும்மா. இரைப்பைல கரையாது. கீழ பெருங்குடலுக்குப் போய்த்தான் மருந்தை விடும். நீங்க நுணுக்குனதுல மேலயே கரைஞ்சு போச்சு, புண்ணுக்கு ஒண்ணும் போய்ச் சேரல. அன்னைக்கு வெளிய வந்தது, மருந்து இறங்குனப்புறம் மிஞ்சுன வெறும் கூடாத்தான் இருக்கும். உடனே எங்கிட்ட கேட்டுருக்கணும்."

"இனிமே முழுசாக் குடுத்தா சரியாயிருமா?"

"சரியாகலாம். ஆனா புண்ணு ரொம்பப் பரவிருச்சு. இப்ப அட்மிட் பண்ணுங்க. குடல் தப்புமான்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியாது."

வார்டில் நர்ஸ் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். பழக்க தோஷத்தில் அல்போன்சாவின் கை நீண்டது. வினோலியா அதற்குள் வாங்கி விழுங்கிவிட்டாள்.

"நீ வீட்டுக்குப் போம்மா" என்றாள். குரலில் கோபமே இல்லை. "எங்கூட சித்தி இருக்கட்டும்."