இரண்டாம் டேபிளுக்கு மேலே ஒரு கொக்கி

என் வேலை குறை கண்டுபிடிப்பது. பெருமைக்குச் சொல்லவில்லை, பதினாறு வருஷமாக எனக்கு அதற்குத்தான் சம்பளம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். தைத்து வருகிற உருப்படியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ இருந்தால், பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். போனில் படம் எடுப்பேன். படம் துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்குப் போகும். அம்பு இல்லாவிட்டால் அவர்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது.

அதனால் என் ஐடி கார்டுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பட்டை அம்பு இருக்கும். சர்ச்சுக்குப் போனாலும் பையில் இருக்கும். "ஏட்டி ரோஸ்மேரி, நீ பரலோகத்துக்குப் போனாலும் வாசக்கதவுல ஒரு அம்பு ஒட்டிட்டுதான் உள்ள போவ" என்பார் என் வீட்டுக்காரர் ஜெபக்குமார்.

அவரும் இதே கம்பெனிதான். சாத்தான்குளத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினோம். நான் செக்கிங்குக்குப் போனேன், அவர் அயர்னிங்குக்குப் போனார். இரண்டாம் டேபிள் அவருடையது. அந்த டேபிளுக்கு மேலே கூரையில் ஒரு கொக்கி இருக்கிறது. கொக்கியில் முன்பு ஒரு ஃபேன் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்திரையில் காயில் எரிந்துபோய்விட்டது என்று கழற்றி ரீவைண்டிங்குக்குக் கொண்டுபோனார்கள். கொண்டுபோனார்கள், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் வைகாசியில் அவர் மயங்கி விழுந்தார். டேபிள் விளிம்பு புருவத்தில் பட்டு ஆறு தையல். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வெக்கையில் ஒருமுறை விழுந்த உடம்பு, அடுத்த முறை ஆறு தையலோடு விடாது என்றார். அன்றிலிருந்து எனக்கு வருஷத்துக்கு ஒரே மாதம்தான், அது மே மாதம்.

மெயின்டனன்ஸுக்கு நான்கு முறை எழுதிக் கொடுத்தேன். "வந்துருமுங்க" என்றார்கள். சொந்தக் காசில் ஒரு ஸ்டேண்ட் ஃபேன் வாங்கிக்கொண்டு போனேன். வெளி மின்சாதனம் உள்ளே வரக்கூடாது, ஆடிட்டில் புள்ளி குறையும் என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். டேபிளை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். தடித் துணி தேய்க்க அவரை விட்டால் ஆள் இல்லை, அதற்கேற்ற டேபிளும் அது ஒன்றுதான் என்றார்கள். அவரோ, "ஒரு தடவ விழுந்து எடம் பழகிருச்சுல்லா, இனி பாத்து விழுவேன்" என்று சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஜனவரியில் எச்.ஆர். வினிதா என் டேபிளுக்கு வந்தாள். உள்ளூர்ப் பெண், நல்ல பெண், எந்தக் கெட்ட செய்தியையும் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

"ரோஸ்மேரியக்கா, பையரு போட்டோ கேட்டிருக்காங்க்கா. நம்ம கம்பெனில சும்மா தெனமும் நடக்கறது. ஸ்பிரிங், சம்மர், ஆட்டம், வின்டர்னு நாலு சீசனுக்கும் வேணுமாமா. மாசம் ஒன்னு, வருசம் முடிஞ்சதும் சேத்தி அனுப்போணும். அவங்க ஊருல காலண்டர் போடறாங்களாம்."

"நான் எதுக்கு? நான் எடுக்குறது ஓட்டையும் கறையுந்தான."

"உங்க போட்டோதானுங்க்கா ஆடாம அசையாம இருக்குது."

அதுவும் சரிதான் என்று ஒப்புக்கொண்டேன். புகழ்ந்தால் மயங்குகிற குணம் எனக்கும் உண்டு.

முதல் படம் பொங்கல் லீவில். தெற்கத்தி ஜனம் எல்லாம் ஊருக்குப் போய்விட்டது. தையல் ஹாலில் இருநூறு மெஷின், ஒரு ஆள் இல்லை. பத்தொன்பதாம் மெஷினில் மட்டும் பாதி தைத்த ஒரு சட்டைக் கை, ஊசிக்கடியில் அப்படியே நின்றது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போலும். நூலுக்குப் பக்கத்தில் அம்பு ஒட்டி எடுத்தேன்.

வினிதா பார்த்துவிட்டு, "அம்பு எதுக்குங்க்கா? இது நல்ல போட்டோல்லங்?" என்றாள்.

"பின்ன எங்க பாக்கன்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்?"

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் விடியற்காலையில் பல்லடம் ரோட்டில் வரிசையாகப் போனார்கள். எங்கள் கட்டிங் மாஸ்டர் லிங்கசாமியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். பச்சை நிறத்தில் ரிஜெக்ட் ஆன டீ-சர்ட் போட்டிருந்தார். ரிஜெக்ட் பண்ணியது நான்தான், கழுத்து அரை இஞ்ச் கோணல். கால் கட்டைவிரலில் பனியன் வேஸ்ட் துணி சுற்றியிருந்தது. நான் ரோட்டில் உட்கார்ந்து அந்தக் கட்டுமேல் ஒரு அம்பை ஒட்டினேன். "ஏனுங்க, சாமிக்குப் போற காலுங்க" என்றார். ஆனாலும் படம் எடுக்கிற வரைக்கும் காலை ஆட்டவில்லை.

மாதம் ஒரு படம் தேடத் தொடங்கியபிறகு எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. பதினாறு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், துணியைத் தவிர எதையும் உற்றுப் பார்த்ததில்லை. இப்போது பஸ்ஸில் உட்கார்ந்தாலும் கண் அலைந்தது. டீக்கடைப் பாய்லருக்கு வைத்த சந்தனப் பொட்டு, கோழி லாரிக்குப் பின்னாலேயே பறந்து போகிற இறகு, எல்லாம் எனக்கு ஒரு அம்புக்குக் காத்திருக்கிற மாதிரி தெரிந்தது.

மே மாதம் வந்தது. இங்கேதான் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பருவம் என்றால், ஆறு மாதம் கழித்து வெளிநாட்டில் விற்கப்போகிற ஆர்டர். மார்கழியில் கையில்லாத பனியன் தைப்போம், அது சம்மர். அக்னி நட்சத்திரத்தில் பஞ்சு வைத்த தொப்பி ஸ்வெட்டர் தைப்போம், அது வின்டர். கம்பெனியில் யாரைக் கேட்டாலும் மே மாதம் என்ன சீசன் என்றால் யோசிக்காமல் வின்டர் என்பார்கள். அட்டைப்பெட்டியில் அப்படித்தான் அச்சடித்திருக்கும்.

அன்றைக்கு வெளியே நாற்பது டிகிரி. உள்ளே எத்தனை என்று யாரும் பார்க்கவில்லை. ஜெபக்குமார் ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டைத் தலையிலும் கழுத்திலும் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய, மார்பில் பனிப்பூ போட்ட ஸ்வெட்டரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி ஸ்டீம். நான் ஒவ்வொரு மணி நேரமும் ஏதாவது சாக்கு வைத்து அயர்னிங் பக்கம் போய், அவர் நின்றுகொண்டிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வருவேன். அன்றைக்கு நாலாவது முறை போனபோது போனை எடுத்தேன். கை தானாக அம்பை உரித்தது. தூணில், கொக்கியைப் பார்த்து மேலே போகிற மாதிரி ஒட்டினேன். எங்கே குறையோ அங்கே அம்பு.

அந்த வைகாசியில் அவர் விழவில்லை. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனால் எட்டு கிலோ குறைந்தார்.

ஆடிக் காற்றில் சாம்பிள் கொடியிலிருந்த குழந்தைச் சட்டைகள் எல்லாம் பறந்து பக்கத்துக் காட்டு முள்வேலியில் மாட்டிக்கொண்டன. வேலி முழுக்கச் சின்னச் சின்னக் கைகள் ஆடின. தலைகீழாக மாட்டியிருந்த ஒன்றுக்கு அம்பு ஒட்டினேன். மார்கழியில் விடிகாலைப் பனியில் பல்லடம் பஸ்ஸுக்குக் குரங்குத் தொப்பியோடு காத்திருக்கிற ஜனத்தை எடுத்தேன். பஸ் கண்ணாடியில் யாரோ விரலால் முருகன் வேல் வரைந்திருந்தார்கள், அதற்கு ஒரு அம்பு. பன்னிரண்டு படத்தையும் சீசன் பெயர் மட்டும் போட்டு வினிதாவிடம் கொடுத்தேன். மே மாதப் படம் வின்டர். டிசம்பர் படம் சம்மர். அவளும் கம்பெனிக்காரிதானே, ஒரு சந்தேகமும் இல்லாமல் அப்படியே அனுப்பிவிட்டாள்.

ஜனவரியில் பையரம்மாவிடமிருந்து மெயில் வந்தது. படங்கள் அற்புதமாம். அம்புகள் அதைவிட அற்புதமாம். இந்தியக் கோடையில் இவ்வளவு பனி பெய்கிறதே, பருவநிலை இப்படி மாறிப்போனதைப் பார்த்து மனம் வருந்துகிறார்களாம். கடைசியில் ஒரு கேள்வி. குளிர்காலப் படத்தில் ஒரு தொழிலாளி குளிர் தாங்காமல் தலை, கழுத்தெல்லாம் துணி சுற்றிக்கொண்டு நிற்கிறார், மூச்சுக்கூட ஆவியாகத் தெரிகிறது. அம்பு ஒரு வெறும் கொக்கியைக் காட்டுகிறது. அங்கே இருந்த ஹீட்டர் எங்கே? அறுபது நாளில் மாட்டிப் படம் அனுப்பவும்.

வினிதா இதைச் சிரித்துக்கொண்டே வாசித்தாள். நான் நேராக மேனேஜர் வேல்குமார் கேபினுக்குப் போனேன்.

"சார், அது மே மாசம் எடுத்தது. வேர்த்துக் கொட்டுதுன்னு ஈரத்துண்டு சுத்தியிருக்காரு. அங்க இருந்தது ஃபேன்."

அவர் மெயிலை இன்னொருமுறை படித்தார். "ஹீட்டருன்னுதானம்மா எழுதியிருக்குது."

"அவுக தப்பா வெளங்கிக்கிட்டாக சார்."

"இப்ப ஃபேனுன்னு பதில் போட்டா, ஃபேனும் இல்லையான்னு இன்னொரு பாயிண்டு எழுதுவாங்க. பையர் கேட்டா மாட்டோணும். ஏன்னு கேக்கற பழக்கம் நம்முளுக்கு இல்லம்மா."

"ஏப்ரல்ல தடித் துணி வருது சார். அதுக்கடியில நிக்கப் போறது என் புருஷன்."

"ஹீட்டர ஆஃப் பண்ணிக்கலாமல்லோ" என்றார். நியாயமான மனிதர் என்ற நினைப்பு அவருக்கு.

கோயம்புத்தூரில் வாங்கினார்கள். கடைக்காரர் "ஊட்டிக்குங்களா?" என்று கேட்டாராம். கொக்கிக்கு வேலை வந்துவிட்டது. வெள்ளை நிறத்தில் நீளமாக, சிவப்பு லைட்டோடு ஹீட்டர் தொங்கியது. ஜெபக்குமார் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பரவால்லட்டி, நமக்குன்னு கேட்டு வாங்கிக் குடுத்துருக்க" என்றார். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன். அம்பு ஒட்டியது என் கைதானே.

பையருக்கு அனுப்புகிற படத்துக்கு ஒரு முறை இருக்கிறது. மாட்டிய சாதனம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், பொறுப்பானவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பொறுப்பானவர் வேல்குமார். அவர் வெளியூர், கல்யாணம் என்று தள்ளித் தள்ளி, கெடு நீட்டி வாங்கி, ஏப்ரல் முதல் வாரத்தில்தான் வந்து நின்றார். அன்றைக்குத்தான் தடித் துணி முதல் லாட் அயர்னிங்குக்கு வந்திருந்தது.

"வின்டர் போட்டோ சார்" என்றேன். "சும்மா சட்டையோட நின்னா பையரம்மா நம்புவாகளா?" சாம்பிள் ஸ்வெட்டரை நீட்டினேன். அவர் போட்டுக்கொண்டார். தொப்பியையும் மாட்டிக்கொண்டார். வினிதா ஹீட்டரை ஆன் செய்தாள். நாலு டேபிளிலும் ஸ்டீம்.

நான் படம் எடுத்தேன். ஃபோகஸ் ஆகவில்லை. இன்னொன்று எடுத்தேன். கண்ணை மூடிவிட்டார். சிவப்பு லைட் விழவில்லை. கொஞ்சம் இடது பக்கம் சார். பதினாறு வருஷத்தில் ஆடாமல் அசையாமல் படம் எடுத்தவள், அன்றைக்குப் பதினோரு நிமிஷம் எடுத்தேன்.

அப்புறம் அவர் முகம் வெளுத்தது. டேபிளைப் பிடிக்கக் கையை நீட்டினார், கை எட்டவில்லை. தலை நேராக அந்த விளிம்புக்குத்தான் போனது. ஜெபக்குமார் அயர்னைப் போட்டுவிட்டுப் பாய்ந்து ஒரு கையால் அவர் தலையைத் தாங்கினார். வேல்குமாருக்கு வேர்க்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், விழ வேண்டும் என்று நினைக்கவில்லை. பொய் எதற்கு, கொஞ்சம் நினைத்தேன். விழும்போதுதான் தெரிந்தது, அது யார் விழுந்தாலும் என் வீட்டுக்காரர் விழுகிற மாதிரியேதான் இருக்கிறது.

ஸ்வெட்டரைக் கழற்றி, தரையில் உட்கார வைத்து, அந்த ஈரத்துண்டைத் தலையில் சுற்றினார் ஜெபக்குமார். "பயப்படாதீங்க சார், எனக்கு இந்த எடம் பழக்கந்தான்" என்றார். வேல்குமார் யாரோ கொண்டுவந்த மோரைக் குடித்தார். அவர் கண் ஜெபக்குமாரின் புருவத்தழும்பில் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் அண்ணாந்து பார்த்தார்.

"இந்தக் கொக்கில முன்ன என்னம்மா இருந்துச்சு?"

"ஃபேன் சார்."

"எங்க அது?"

யாருக்கும் தெரியவில்லை. லிங்கசாமிதான் ஸ்டோருக்குப் போய்த் தேடி, சாயங்காலத்துக்குள் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். ரீவைண்டிங் முடிந்து, கொண்டுபோன அதே வாரத்தில் வந்துவிட்டதாம். எடுத்துக்கொள்ள ஸ்லிப் வரவில்லை என்று இரண்டு வருஷமாக ரேக்கில் இருந்திருக்கிறது. தூசியைத் துடைத்தோம். ஒரு இறக்கையில் சிவப்பு அம்பு. கழற்றிய அன்று நான் ஒட்டியது.

ஹீட்டரைக் கழற்ற முடியாது, அது பையர் ரிப்போர்ட்டில் ஏறிவிட்டது. அதனால் பக்கத்திலேயே இன்னொரு கொக்கி அடித்து ஃபேனை அந்த அம்போடேயே மாட்டினார்கள்.

மே மாதம் உச்சி மத்தியானத்தில் அயர்னிங் பக்கம் போனேன். சாக்கு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஜெபக்குமார் தலையில் துண்டு இல்லாமல் நின்று, மார்பில் பனிப்பூ போட்ட ஸ்வெட்டரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முடி காற்றில் பறந்தது. "ஏட்டி, அங்கேயே நின்னு என்ன பாக்க?" என்றார். ஒரு படம் எடுத்து வினிதாவுக்கு அனுப்பினேன்.

அவளிடமிருந்து உடனே பதில் வந்தது. "அக்கா, அம்பு ஒட்ட மறந்துட்டீங்களாட்ட இருக்குது?"

"மறக்கல கண்ணு" என்று போட்டேன். "மேல சுத்திட்டு இருக்கு."