பூட்டில்தான் கோளாறு

"எட்டுப் பேர் ஒரு வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேர் வெளியே பார்த்தபடி" என்று வாசித்த மாமனார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிமிர்ந்தார். "ஏம்மா, மேசையில கொண்டுவந்து உக்கார வச்சப்புறம் முதுகைக் காட்டிக்கிட்டு இருந்தா என்ன அர்த்தம்? சம்பந்திச் சண்டையா இருக்குமோ?"

மருமகள் சிரித்துக்கொண்டே வேலைக்குப் போட்டுப்போகும் வெள்ளைக் கோட்டின் கையைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். "அடுத்த வரியைப் படிங்க மாமா. அவங்க சண்டைய அப்புறம் தீத்து வைக்கலாம்."

சாயங்கால வேளைகளில் இதுதான் வழக்கமாகியிருந்தது. அவர் வாசிப்பார், அவள் துணி தேய்த்துக்கொண்டோ காய் நறுக்கிக்கொண்டோ எட்டுப் பேரையும் மனதிலேயே உட்கார வைப்பாள். தாளில்லாமல் காதால் கேட்டுப் போட்டுப் பழகிவிட்டால், தாள் கையில் இருக்கும்போது கணக்கு தண்ணீர்பட்ட பாடு ஆகிவிடும் என்பது அவள் எண்ணம். மருத்துவமனை எக்ஸ்ரே அறையில் அவளுக்கு வேலை. மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க என்று நாளெல்லாம் சொல்லிச் சொல்லி, வீட்டில் தூக்கத்திலும் அதையே சொல்கிறாள் என்று கணவன் கேலி செய்வான். மருத்துவமனை நிர்வாகப் படிப்புக்கான நுழைவுத் தேர்வை அவள் போன வருடமும் எழுதினாள். மொழி, எண்கணிதம் எல்லாம் கரையேற்றின. தர்க்கப் பகுதிதான் காலை வாரிவிட்டது. இடம் கிடைத்தால் சம்பளத்தோடு படிக்கலாம், முடித்து வந்தால் அந்த இருட்டறைக்குத் திரும்ப வேண்டியதில்லை. வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது.

மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு இவர்களோடு வந்து சேர்ந்தார். கணவன் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கும் நாட்களைவிட வழியில் இருக்கும் நாட்கள்தான் அதிகம். இரண்டரை வயது மகளை எல்லாரும் வாலு என்றுதான் கூப்பிட்டார்கள். வேலை நாட்களில் மருமகள் அவளை மருத்துவமனைக் குழந்தைகள் காப்பகத்துக்குக் கூடவே கூட்டிப்போய்விடுவாள்.

அன்று எட்டுப் பேரையும் சரியாக உட்கார வைத்து விடையைச் சொன்னாள். "சபாஷ்" என்று சொல்லிப் பக்கத்தைப் பார்த்த மாமனார், மறுபடியும் அதே கேள்வியை ஆரம்பித்தார். மூன்று பேர் வெளியே பார்த்தபடி என்ற இடத்தில் நிறுத்தினார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. சம்பந்திச் சண்டையா இருக்குமோ என்றார். அதே சிரிப்பு. விளையாட்டுக்குச் செய்கிறார் என்று நினைத்து அவளும் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் விளையாட்டு இல்லை.

அதற்குப் பிறகு அவளுக்குக் கண் தானாக அவர் பக்கம் போனது. ரொட்டி வாங்கக் கீழே போனவர் வியர்த்து விறுவிறுத்து வெறுங்கையோடு வந்து, கடை மூடியிருக்கு என்றார். அப்போதுதான் அவள் அந்தக் கடையைத் தாண்டி வந்திருந்தாள், திறந்துதான் இருந்தது. இன்னொரு நாள் வேலை முடிந்து வந்தபோது அவர் லிஃப்டுக்குள் தனியாக நின்றுகொண்டிருந்தார். கதவு மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. வாழ்நாளெல்லாம் லிஃப்டின் வயிற்றுக்குள் இறங்கி வேலை பார்த்தவரின் விரல், பொத்தான்களுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றது. அவளைப் பார்த்ததும், "பட்டன்ல லைட்டு சரியா எரியல" என்றார். எல்லா விளக்கும் எரிந்தது. அவள் உள்ளே போய் நாலாவது மாடிக்கு அழுத்தினாள்.

இன்னின்ன தகவல்கள் தரப்பட்டுள்ளன, இவற்றிலிருந்து எந்த முடிவு பெறப்படும் என்று கேட்டிருந்தால் அவள் கண்ணை மூடிக்கொண்டு விடை சொல்லியிருப்பாள். ஆனால் கடைசியாக எப்போதும் ஒரு விடை கொடுத்திருப்பார்களே, முடிவு செய்யத் தகவல் போதாது என்று, அதைப் பிடித்துக்கொண்டாள். வயசானால் மறதி வராதா? தேர்வு முடியட்டும். கணவனிடம் சொன்னால் பதறிப்போய் வண்டியைப் போட்டுவிட்டு வருவான். பரிசோதனை, ஸ்கேன், கூட ஆள் என்று வீடு தலைகீழாகும். அந்த ஆள் யார் என்று யோசிக்கவே வேண்டாம். அவரை எந்த மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தெரியும். எக்ஸ்ரே அறை இருக்கும் அதே தாழ்வாரத்தில்தான் அந்தக் கதவு. தினமும் அதைக் கடந்து போகும்போது கையிலிருக்கும் ஃபிலிம் உறையைப் பார்த்துக்கொண்டே போவாள்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. காப்பகம் கிடையாது. சனிக்கிழமையே வந்துவிடுகிறேன் என்ற கணவன், சரக்கு இறக்கத் தாமதம் என்று போன் பண்ணினான். எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். ஆனால் மாமா வீட்டில் இருக்கும்போது எதற்கு என்று அவர் கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும்.

"வெளிய எங்கயும் போகாதீங்க மாமா. பாலை ஃபிளாஸ்க்ல ஊத்தி வச்சிருக்கேன். அடுப்பே பத்த வைக்க வேண்டாம்."

"நாங்க எங்கம்மா போறோம்? நீ நிம்மதியா எழுது. வட்ட மேசை ஆளுங்கள நான் விசாரிச்சேன்னு சொல்லு."

வெளியே வந்து கதவைச் சாத்தியவள், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வெளிப்பக்கம் பூட்டிவிட்டுப் போகலாம். சாவியைத் துவாரம் வரைக்கும் கொண்டுபோனாள். பூட்டினால் தனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

தேர்வு நன்றாகப் போனது. அதுதான் பிறகு அவளால் தாங்க முடியாததாக இருந்தது. தர்க்கப் பகுதியைத் திறந்ததும் எல்லாரும் சொன்ன இடத்தில் சொன்னபடி வந்து உட்கார்ந்தார்கள். யார் யாருக்கு இடப்பக்கம், யாருடைய மாமா யாருடைய மைத்துனர், எல்லாம் முடிச்சு அவிழ்வதுபோல் அவிழ்ந்தன. பேனா ஓடுகிற சுகத்தில் அவள் வாலுவை மறந்தாள், மாமாவை மறந்தாள். ஒரு தடவைகூட, ஒரு நொடிகூட வீடு நினைவுக்கு வரவில்லை என்பது பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அழைப்பு மணிக்குப் பதில் இல்லை. திறந்து உள்ளே போனாள். பால் அப்படியே இருந்தது. வாலுவின் செருப்பையும் மாமாவின் செருப்பையும் காணோம். ஆணியில் தொங்கும் அவருடைய சாவியையும் காணோம். தையல்காரம்மா மிஷினிலிருந்து எழுந்து வந்து, "நான் பாக்கலயேம்மா, சத்தம்கூடக் கேக்கல" என்றார். கடை, விளையாட்டு இடம், தண்ணீர்த் தொட்டிப் பக்கம். தொட்டியின் மூடியைக்கூடத் தூக்கிப் பார்த்தாள். கேட்டில் இருந்த காவலாளி மட்டும்தான் பார்த்திருந்தார்.

"பூனையக் காட்டறதுக்குப் பாப்பாவைத் தூக்கிக்கிட்டு எறங்கினாரும்மா. கொஞ்ச நேரம் நின்னாங்க. அப்புறம் மேல போனாங்க. கேட்டைத் தாண்டல, அது நிச்சயம்."

கேட்டைத் தாண்டவில்லை. மேலே போயிருக்கிறார்கள். வீட்டில் இல்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் பிளாக்குக்கு எதிரே அதே நிறத்தில், அதே வாசலோடு, கண்ணாடியில் தெரிவதுபோல் இன்னொரு பிளாக் நின்றது. அவள் ஓடினாள்.

நாலாவது மாடியில், அவர்கள் வீட்டு எண்ணே போட்டிருந்த கதவில் சாய்ந்து மாமனார் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் வாலு தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் சட்டையைக் கழற்றிக் குழந்தைக்குத் தலைக்கு வைத்திருந்தார். வலது கையில் சாவி. பூட்டைச் சுற்றி நாணயத்தால் திருகப் பார்த்த கீறல்கள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அந்த வீட்டுப் பெண், "உங்களைச் சேர்ந்தவரா? போலீசைக் கூப்பிடப் போனேங்க. குழந்தையப் பாத்துட்டுத்தான் விட்டேன். எவ்வளவு சொன்னாலும் இது என் வீடுங்கறாரு" என்றாள்.

மாமனார் நிமிர்ந்தார். அவர் முகத்தில் பயமே இல்லை, எரிச்சல்தான் இருந்தது. "வந்துட்டியா? பூட்டுல கோளாறும்மா. மாடி சரியா இருக்கு. நம்பர் சரியா இருக்கு. சாவி நம்ம சாவிதான். அப்ப பூட்டுதானே கெட்டிருக்கணும்? உள்ள வேற யாரோ பொம்பள இருக்கா, அவளைக் கேட்டா ஏதேதோ பேசறா."

அதில் தப்புக் கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. "ஆமா மாமா, பூட்டுதான்" என்றாள். அந்தப் பெண்ணைப் பார்த்துக் கைகூப்பினாள். வாலுவைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையால் அவரை எழுப்பினாள்.

கீழே வெயிலில் இரண்டு பிளாக்குக்கும் நடுவே வந்ததும் அவர் நின்றார். அதைப் பார்த்தார், இதைப் பார்த்தார். கையிலிருந்த சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டார். பிறகு அவளுக்குப் பின்னால் நடந்தார்.

வாலுவைப் படுக்கையில் கிடத்தினாள். குழந்தையின் உள்ளங்கால்களைத் தொட்டுப் பார்த்தாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"பரீட்சை எப்படிம்மா?" வாசல் நிலையில் நின்றபடி கேட்டார்.

"நல்லா எழுதினேன் மாமா."

"அது போதும்." உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "கொஞ்ச நாளாவே எனக்குச் சரியில்ல. உன் பரீட்சை முடியட்டும்னு வாயைத் திறக்கல. குழந்தைய வச்சுக்கிட்டு சொல்லாம இருந்தது பெரிய தப்பு. என்னை மன்னிச்சுடும்மா."

அவள் வாலுவின் போர்வையைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது. எனக்கும் தெரியும் மாமா என்று சொல்ல நினைத்தாள். அவரே அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"கேஸ் அடுப்புப் பக்கம் நான் போனா இப்பல்லாம் நீ ஓடி வந்துடுற. முன்னாடி அப்படி வந்ததில்ல. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அந்தக் குரலில் குற்றச்சாட்டு இல்லை. திட்டியிருந்தால் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள்.

போன் அடித்தது. கணவன். பின்னால் லாரியின் இரைச்சல். "என்ன, கலெக்டரம்மா எழுதி முடிச்சாச்சா?" என்று சிரித்தான். நல்லா எழுதினேன் என்று அவனிடமும் சொன்னாள். "அப்பாவும் வாலுவும் என்ன பண்றாங்க?"

"மாமாவுக்கு உடம்பு சரியில்லங்க. ஞாபகம் தப்புது. இன்னைக்கு வாலுவைத் தூக்கிக்கிட்டு எதிர் பிளாக்குல போய் உக்காந்துட்டார். வாலு நல்லா இருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. "இரு, ஓரமா போட்டுக்கறேன்" என்றான். இரைச்சல் குறைந்து அடங்கியது. கைப்பிரேக் இழுக்கும் சத்தம் கேட்டது.

"எப்பலேருந்து இப்படி?"

மாமனார் நாற்காலியிலிருந்து முன்னால் குனிந்து, "இன்னைக்குத்தான்னு சொல்லிடும்மா" என்றார் தணிந்த குரலில். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்குதா? எப்பலேருந்துன்னு கேட்டேன்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். எங்கேயோ தெரியாத ஒரு சாலையின் ஓரத்தில், நின்றுபோன லாரிக்குள் இண்டிகேட்டர் டிக் டிக் என்று விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது.