இருபது நிமிடப் பயணம்

டாங்காவிலிருந்து பெம்பா தீவுக்கு வான்வழியில் எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், இருபது நிமிடம். இதை ஜோகா ஒரு வாரமாகத் தெருவெல்லாம் சொல்லிவிட்டிருந்தாள். படகில் போனால் ஐந்து மணி நேரம், வாந்தி தனி.

அவளுடைய அண்ணன் மகன் கதீபுவுக்கு பெம்பாவில் கல்யாணம். மதியத் தொழுகை முடிந்ததும் நிக்காஹ். பெண்ணைப் பெற்றவள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் துணியை மாப்பிள்ளையின் அத்தை தன் கையால் கொடுக்க வேண்டும். அதுவரை பெண் வீட்டார் கதவைத் திறக்க மாட்டார்கள். அந்த அத்தை ஜோகாதான்.

"துணிய என்கிட்ட குடுத்துடுக்கா. நான் விடியக்காலைலயே படகுல போறேன்," என்று தம்பி மகாமே முந்தின நாளே கேட்டான்.

"நீ குலுங்கிக் குலுங்கி வந்து சேர்றதுக்குள்ள நான் டீ குடிச்சு தம்ளரையும் கழுவி வச்சிருப்பேன். போடா."

விமானம் பத்து மணிக்கு. பை பதினைந்து கிலோவுக்கு மேல் கூடாது என்று சீட்டில் போட்டிருந்தது. ஜோகா விவரமானவள். பெண் வீட்டாருக்கு வாங்கிய எட்டு ஜோடி கங்கா துணிகளையும் உடம்பிலேயே சுற்றி, மேலே கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டாள். பெண்ணின் தாய்க்கான துணியையும் வைத்துப் பை பதினான்கரை கிலோ. அல்வாக் கூடை கையில்.

விமான நிலையத்தில் செம்போஜா என்ற ஊழியர் பையை எடை போட்டுவிட்டு, "நீங்களும் ஏறுங்கம்மா," என்றார்.

"நான் எதுக்கு?"

"பன்னிரண்டு பேர் போற விமானம். ஆளையும் சேர்த்துத்தான் எடை."

ஜோகா கூடையோடு ஏறினாள். செம்போஜா கணக்கைக் கூட்டிப் பார்த்தார். "ஒன்பது கிலோ அதிகம். குறைக்க முடியலன்னா நாளைக்குத்தான். இன்னைக்கு வேற விமானம் இல்ல."

மூடிய கதவுக்கு முன்னால் கதீபு வெயிலில் நிற்பது அவள் கண்முன் வந்தது.

"அல்வாவ இங்கயே சாப்பிட்டுடறேன்."

"வயித்துக்குள்ள போனாலும் எடை அதேதாம்மா."

ஜோகா திரைக்குப் பின்னால் போனாள். கங்காக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வழியனுப்ப வந்த பக்கத்து வீட்டு பிலி அவற்றைக் கையில் வாங்கி அடுக்கினாள். "வெங்காயம் மாதிரி உரிஞ்சுக்கிட்டே இருக்கீங்களே."

"வச்சிரு, திரும்பி வந்து வாங்கிக்கறேன்."

"பாப்போம்," என்ற பிலி அதற்குள் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள்.

இன்னும் ஐந்து கிலோ. அல்வா அங்கிருந்தவர்களுக்கெல்லாம் பங்கு போடப்பட்டது. பயணி ஒருவர் கையை நீட்டினார், செம்போஜா தடுத்தார். "நீங்க விமானத்துல போறவரு. உங்களுக்குக் கிடையாது."

இத்தனையும் முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. பறந்தது பதினெட்டே நிமிடம்.

ஜோகா பெண் வீட்டு வாசலில் இறங்கியபோது, சீர்த்தட்டுகளோடு மகாமேயும் வந்து இறங்கினான்.

"டீ குடிச்சாச்சாக்கா?"

"வாய மூடு," என்று சொல்லிவிட்டு அவள் துணியை நீட்டினாள். மூடிய கதவுக்கு வெளியே காத்திருந்த பெண்ணின் தாய் மிசே அதை வாங்கி அங்கேயே இடுப்பில் கட்டிக்கொண்டாள். குலவைச் சத்தத்தோடு கதவு திறந்தது. கதீபு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

சாப்பாடு முடிந்ததும் மிசே மறுசீர் கொடுத்தாள்: ஒரு மூட்டை கிராம்பு, இரண்டு பாய், பித்தளைத் தாம்பாளம் ஒன்று. தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஜோகா மூட்டையைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"மகாமே, படகுல ஆளை எடை போடுவாங்களாடா?"