ஆனி மாதத்துக் கீழ்க்காற்று

ஞானபாக்கியம் டீச்சரைக் கோபக்காரி என்று தென்காசியில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பிரம்பைத் தொட மாட்டாள், குரலை உயர்த்த மாட்டாள். ஆனால் கோபம் என்ன, கத்துகிறவர்களுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்தா? கத்துகிறவன் கோபம் கத்தி முடித்ததும் தீர்ந்துவிடும். கத்தாதவள் கோபம் உமியில் வைத்த நெருப்பு. மேலே சாம்பல்தான் தெரியும், கை வைத்துப் பார்த்தவனுக்குத்தான் சூடு தெரியும். நல்லதம்பி என்ற மனிதர் சென்னையில் உட்கார்ந்துகொண்டு அதில் கையை வைத்தார்.

டீச்சருக்கு மூன்றாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பாடப் புத்தகத்தை மூடிவிடச் சொல்வாள். பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். "டீச்சர், எறும்பு எதுக்கு வரிசையாப் போவுது? அதுக்கும் டிரில் மாஸ்டர் உண்டுமா?" என்று ஒன்று கேட்கும். "நிலா எதுக்கு எங்கூடவே வருது?" என்று இன்னொன்று கேட்கும். டீச்சர் சிரிக்காமல் பதில் சொல்வாள். முன்னால் போன எறும்பு தரையில் ஒரு வாசனையை விட்டுப் போகிறது, பின்னால் வருவது அதை மோந்துகொண்டு வருகிறது. நிலா ரொம்பத் தூரத்தில் இருக்கிறது, நாம் நாலு தெரு நடந்தாலும் அதற்கு நாம் நின்ற இடத்தில் நிற்பது மாதிரிதான்.

பதிலோடு விட மாட்டாள். ஒவ்வொரு பதிலுக்கும் வாலாக ஒரு வேலை இருக்கும். "எறும்புச் சாரைக்குக் குறுக்கே விரலால அழுத்தித் தேச்சு விடு. எறும்பு என்ன செய்யுதுன்னு நீயே பாரு." "செங்கோட்டைக்கு ரயில்ல போகும்போது சன்னல் வழியாப் பாரு. பக்கத்து மரம் பின்னால ஓடும், மலை ஓடாது. நீயே பாரு." டீச்சர் சொன்னாள் என்பதற்காக எதையும் நம்பக் கூடாது என்பது அந்த வகுப்பின் சட்டம். ஆனால் போய்ப் பார்த்த பிள்ளைகளுக்கு டீச்சர் சொன்னதே நடந்ததால், சட்டத்தை மீறி அவளை முழுசாக நம்பினார்கள்.

இந்தப் பதில்களைத்தான் அவள் நல்ல தாளில் எழுதி, சென்னையிலிருந்து வரும் ஒரு சிறுவர் மாதப் பத்திரிகைக்கு அனுப்பினாள். அடுத்த மாதம் பத்திரிகையில் உங்கள் கேள்வியெல்லாம் வருகிறது என்று வகுப்பில் சொல்லியும் வைத்தாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். பாவம், சந்தோஷத்தில் சொல்லிவிட்டாள்.

பத்திரிகை வந்தது. கேள்விகள் இருந்தன, பதில்கள் இருந்தன, "நீயே பார்" என்ற வால்கூட அறுபடாமல் இருந்தது. மேலே கொட்டை எழுத்தில் "நல்லதம்பி மாமா பதில்கள்" என்று இருந்தது. நல்லதம்பி பத்திரிகையின் ஆசிரியர். பக்கத்தில் அவர் படம் சிரித்தது. ஞானபாக்கியம் என்ற பெயர் அச்சுக் கோத்தவர் கண்ணில்கூடப் பட்டிருக்காது.

ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று பரிமாறினவரைக்கூட அவள் மன்னித்திருப்பாள். பள்ளி நிர்வாகி ஆவுடைநாயகம் அண்ணாச்சி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வகுப்புக்கு வந்து, பிள்ளைகள் முன்னால் கேட்ட கேள்வியைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. "இம்புட்டு நாளும் இதப் பாத்துத்தான் பாடம் நடத்துனியளா டீச்சர்? நாங்கூட ஒங்க சொந்தச் சரக்குன்னுல்லா நெனச்சேன்."

தன் வீட்டுப் பண்டத்தைத் திருடியவள் என்ற பட்டம் அவளுக்குக் கிடைத்தது. ஆசிரியருக்கு எழுதிக் கேட்டாள். ஒரு கார்டில் பதில் வந்தது. "குழந்தைகளுக்குப் பெயரா முக்கியம், அம்மா? பதில்தானே முக்கியம். தொடர்ந்து அனுப்புங்கள்." அதைக் கிழித்து அடுப்பில் போட்டாள். பிறகு, ஆச்சரியம், தொடர்ந்து அனுப்பினாள்.

ஏன் அனுப்பினாள் என்றால் பொறியில் தேங்காய்ச் சில்லு வைக்காமல் எலி வராது. பதில்களை எல்லாம் சேர்த்துப் புத்தகம் போடப் போகிறோம், இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று நல்லதம்பி கேட்டபோது, அவள் ஒரு கட்டு எழுதினாள். எல்லாம் நிஜம், ஒன்றைத் தவிர.

கேள்வி இதுதான். தென்காசியில் வெயில் அடிக்கும்போதே குற்றாலத்தில் அருவி கொட்டுகிறதே, எப்படி? ஆனியிலும் ஆடியிலும் மேல்காற்று மேற்கே மலையாளத்துப் பக்கமிருந்து மேகத்தைத் தள்ளிக்கொண்டு வரும். மேகம் மலையில் முட்டி அங்கேயே பெய்யும். மிச்சம் செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரலாக நம் ஊருக்கு வரும். இது டீச்சருக்குத் தெரியும், மூக்கு ஒழுகும் பிள்ளைக்கும் தெரியும். அவள் எழுதியது வேறு. கிழக்கே தூத்துக்குடிக் கடலிலிருந்து கீழ்க்காற்று மேகத்தைக் கொண்டுவந்து மலையில் மோதுகிறது என்று எழுதினாள். கடலைக் கிழக்கே மட்டும் பார்த்து வளர்ந்த சென்னைக்காரருக்கு இது வேதவாக்காகத்தான் தெரியும். கடைசியில் வாலையும் வைத்தாள். "ஆனி மாதம் தென்காசியில் நின்று, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நீயே பார்."

எழுதும்போது ஒரு நிமிஷம் கை நின்றது. இதை ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு பிள்ளை படிக்குமே என்று தோன்றியது. தோன்றியதை ஒதுக்கிவிட்டாள். அவர் முகத்தில் கரி பூசினால் போதும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

புத்தகம் வந்தது. பரிசும் பெற்றது. அறுபத்தொன்றாம் வருஷம் பள்ளிக்கூடத்தில் வாசகசாலை திறக்க யாரைக் கூப்பிடலாம் என்று ஆவுடைநாயகம் அண்ணாச்சி யோசித்தபோது, டீச்சர் மெதுவாகச் சொன்னாள்.

"நல்லதம்பி மாமாவையே கூப்பிடலாமே அண்ணாச்சி. ஆனி மாசம்னா அவுகளுக்கும் அருவியில குளிச்ச மாதிரி இருக்கும்."

"ஒங்களுக்குப் பெரிய மனசு டீச்சர்," என்றார் அண்ணாச்சி.

விழாவுக்கு முன் வாரம் புத்தகத்தின் பக்கங்களை வகுப்பில் பங்கு வைத்தாள். ஆளுக்கு ஒரு பதில். படித்துவிட்டு, வாலில் சொன்ன வேலையைச் செய்து பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மாமாவிடமே மேடையில் கேட்கலாம். அருவிப் பக்கத்தை முத்துவடிவிடம் கொடுத்தாள். அந்தப் பெண் எதையும் பாதியில் விடாதவள், பெரிய மனுஷர் என்று வாயை மூடாதவள். இதைக் கேள் என்று டீச்சர் அவளுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளையின் நேர்மையையே கத்தியாக எடுத்துக்கொண்டாள். அதை நினைத்து வெட்கப்பட்டாளா என்றால் இல்லை, அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு ருசித்தது.

விழா அன்று ஊர்க் கோயிலின் பிளந்து நிற்கும் கோபுரத்துக்கு மேலே மேகம் ஓடிக்கொண்டிருந்தது. காற்று டீச்சரின் கட்சியில் சேர்ந்துகொண்டது போல மேற்கிலிருந்து அடித்து, பந்தல் துணியை எல்லாம் கிழக்கே பார்க்க உப்ப வைத்தது. நல்லதம்பி படத்தில் இருந்ததைவிடப் பருமனாக இருந்தார். மாலை போட்டார்கள், பேசினார், கை தட்டினார்கள். பிறகு, "குழந்தைகள் கேள்வி கேட்கலாம்," என்றார். சில பிள்ளைகள் கேட்டார்கள். டீச்சர் எழுதியதையே அவர் திருப்பிச் சொன்னார், அவளே எதிரில் உட்கார்ந்திருக்க. அந்த முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. என்ன தைரியம் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

முத்துவடிவு எழுந்தாள். புத்தகத்தைப் பிரித்து நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"மாமா, இதுல சாரல் கீழக்காத்துலதான் வருதுன்னு போட்டிருக்கு. நான் ஒரு வாரமாப் பாக்கேன். மேக்க இருந்துதான் காத்து வருது. எங்கம்மா துணி காயப்போட்டா துணியெல்லாம் கிழக்கயில்லா பறக்கு. இந்தா, இந்தப் பந்தலும் அப்பிடித்தான் பறக்கு. பொஸ்தகம் தப்பா, காத்து தப்பா?"

முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு பெற்றவர்கள் சிரித்தார்கள். கடைசி வரிசையில் ஒருவர், "காத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது தாயி," என்றார். பந்தலே குலுங்கியது. நல்லதம்பி பந்தல் துணியைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். காது மடல் சிவந்தது. ஞானபாக்கியம் ஒன்றையும் விடாமல் பார்த்தாள். மூன்று வருஷத்துப் பசி அந்தக் காது மடலில் ஆறியது.

அதோடு விழா முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

நல்லதம்பி மெல்லச் சிரித்தார். பத்திரிகை நடத்துகிறவர் அல்லவா, விழுந்த இடத்தில் பாய் விரிக்கத் தெரிந்தவர்.

"கெட்டிக்காரக் குழந்தை. இந்தத் தவறு என்னுடையதுதான், ஏனென்றால் ஒருவரை நம்பினேன். இந்த ஒரு பதில் நான் எழுதியதல்ல. உங்கள் பள்ளி ஆசிரியை ஞானபாக்கியம் அம்மா அனுப்பியது. அந்த ஊர்க்காரர் ஆயிற்றே என்று ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் போட்டேன். அவர் ஆர்வத்தை நான் இன்றும் மதிக்கிறேன். தவறு செய்யாதவர் யார்? அவருக்கும் ஒரு கை தட்டுங்கள்."

கை தட்டினார்கள். என்ன பெருந்தன்மை என்று முன் வரிசை தலையாட்டியது. அவள் பெயர் கடைசியில் அந்தப் புத்தகத்தில் ஏறிவிட்டது, அதில் இருந்த ஒரே பொய்க்குப் பக்கத்தில்.

ஞானபாக்கியம் எழுந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள். "அந்தப் பதில் மட்டும் இல்ல. எல்லாப் பதிலும் நான் எழுதுனதுதான்."

ஆவுடைநாயகம் அண்ணாச்சி கையமர்த்தினார். கோபமாக அல்ல, இரக்கமாக. அதுதான் சுட்டது.

"சரி டீச்சர், இருங்க. நம்ம ஊருக் காத்தே எந்தப் பக்கம்னு தெரியாம எழுதிட்டு, இப்ப எல்லாமே நாந்தான்னா நல்லாவா இருக்கு? வந்தவுக என்ன நெனப்பாக?"

அவள் உட்கார்ந்தாள். பொய் என்று தெரிந்தே எழுதினேன் என்று சொல்லலாம். சொன்னால் பொய் எழுதுகிறவள் மற்றதை மட்டும் நிஜமாகவா எழுதியிருப்பாள் என்பார்கள். வெட்டிய குழி சரியான ஆழம்தான், அதில் விழுந்தவள் வெட்டியவளே என்பது அவளுக்குத் தெளிவாகவே தெரிந்தது.

கூட்டம் கலைந்தது. அண்ணாச்சியின் கார் விருந்தாளியை ஏற்றிக்கொண்டு குற்றாலத்துக்குப் புறப்பட்டது. எண்ணெய் தேய்க்க ஆள் ஏற்பாடாகியிருந்தது. டீச்சர் காலி பெஞ்சுகளுக்கு நடுவில் இருந்தாள். அவர் தலையில் அருவி விழுவதற்குப் பதில் பாறை விழட்டும் என்று, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், மனதார வேண்டிக்கொண்டாள்.

முத்துவடிவு வந்து பக்கத்தில் நின்றாள். முகம் வாடியிருந்தது.

"டீச்சர், அது நீங்க எழுதுனதுன்னு தெரிஞ்சா நான் கேட்டிருக்கவே மாட்டேன்."

"கேட்டது சரிதான்டி."

"மேக்கு எதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா டீச்சர்?"

டீச்சர் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். தெரியும் என்றால், தெரிந்தே பிள்ளைகளுக்குப் பொய் சொன்னவள் ஆகிறாள். எறும்பும் நிலாவும் அன்றே செத்துப்போகும், இனி எந்தப் பதிலையும் இந்தப் பிள்ளை நம்பாது. தெரியாது என்றால் முட்டாள் ஆகிறாள். முட்டாள் ஒன்றில் தவறினாலும் மற்றதில் சரியாக இருக்கலாம். பெயர் போனது போகட்டும், பதில்களாவது பிழைக்கட்டும். இந்த யோசனை வந்ததும், பெயரா முக்கியம் என்று அந்தக் கார்டில் நல்லதம்பி எழுதியதையே தானும் சொல்வது உறைத்தது.

"தெரியாதுட்டி," என்றாள்.

பெண்ணுக்கு முகம் மலர்ந்தது. "அதுக்கென்ன டீச்சர், நான் சொல்லித் தாரேன்." டீச்சரின் தோளைப் பிடித்துத் திருப்பி உட்கார வைத்தாள். "அன்னா மலை தெரியுதுல்லா, செங்கோட்டைப் பக்கம்? அதான் மேக்கு. பொழுது அங்கனதான் அடையும். சொன்னா நம்பாண்டாம், சாயங்காலம் நீங்களே பாருங்க. எங்க, சொல்லுங்க, மேக்கு எது?"

ஞானபாக்கியம் கையை நீட்டிக் காட்டினாள்.

"சரிதான்," என்றாள் முத்துவடிவு. "இனி மறக்கக் கூடாது, என்ன?"

"மறக்க மாட்டேன்," என்றாள் டீச்சர். கார் போன சாலையில் புழுதி இன்னும் அடங்கவில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.