முழுக் கருப்பாகாத காகிதம்

மருத்துவமனையின் அடித்தளத்தில், அறுவைக் கருவிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் அறையில் அவளுக்குப் பத்து வருட வேலை. யாராவது குரலை உயர்த்தினாலே முகம் சுருங்கிவிடும் என்பதால் ‘தொட்டாச்சிணுங்கி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஞாயிறு தவறாமல் ஆலயத்தில் அவள் கேட்பது ஒன்றுதான்: தைரியம்.

ஒவ்வொரு முறையும் தட்டுகளோடு ஒரு துண்டுக் காகிதமும் இயந்திரத்துக்குள் போகும். வெப்பம் சரியாக ஏறியிருந்தால் அது கன்னங்கரேலென்று மாறும். அன்று காலை பழுப்பிலேயே நின்றுவிட்டது. மறுபடி வைக்கலாம் என்று அவள் முனகினாள். நோயாளியை மேசையில் படுக்கவைத்தாயிற்று, உன் கண்ணுக்கு எல்லாமே பழுப்புதான் என்று கடிந்தாள் மேற்பார்வை பார்க்கும் அக்கா. கருவிகள் சுத்தம் என்று தட்டோடு அனுப்பும் சீட்டில் இவள் கையெழுத்துப் போட்டாள். தட்டு லிஃப்டில் ஏறியது.

கருவிகளை அனுப்பியதும், அவை தொடப்போகும் உடம்புக்காக ஒரு வரி ஜெபிப்பது அவள் வழக்கம். அன்று வாயைத் திறந்தாள், வார்த்தை வரவில்லை. பொய்க்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, காவலுக்கு மட்டும் ஆண்டவரைக் கூப்பிடுவதா? இயேசுவைத் தெரியாது என்று பொய் சொன்ன பேதுருவை உலுக்க ஒரு சேவலாவது கூவியது. இங்கே காகிதம் சும்மா கிடந்தது.

தைரியம் வரட்டும் என்று நின்றால் அதற்குள் கத்தியை வைத்துவிடுவார்கள். பயத்தையும் கூட்டிக்கொண்டே படியேறினாள். அறுவை அரங்கின் கதவைத் தள்ளினாள்.

“அந்தத் தட்டைப் பிரிக்காதீங்க டாக்டர். அது சுத்தமாகலை.”

அறுவை மருத்துவர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். “கையெழுத்து யாருது?”

அக்காவின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

“என்னுது. தெரிஞ்சேதான் போட்டேன்.”

மாற்றுத் தட்டு வர அரை மணி நேரமானது. அதுவரை வாசலில் நிற்கவைத்து அவர் வாங்கு வாங்கென்று வாங்கினார். பழைய தட்டை மட்டும் யாரும் தொடவில்லை.

மத்தியானம் விளக்கக் கடிதம் கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுதினாள். தன் பங்கைக் குறைக்கவில்லை, அக்காவின் பங்கைக் கூட்டவுமில்லை. அக்கா முகம் கொடுக்கவில்லை.

இடைவேளையில் கணவனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். வேலை நிலைக்குமா என்று கேட்டான். தெரியவில்லை என்றாள்.

“பயமா இருக்காம்மா?”

“இருக்குங்க. ஆனா சாப்பாடு இறங்குது.”