அறுபது காற்றாலைகளும் அஃபீஃபாவின் குரலும்

தெற்குக் கடலில் நாற்பதாவது காற்றாலை சுழலத் தொடங்கிய தை மாத வியாழக்கிழமையன்று, காட்டூர் நசீராவுக்கு அவளுடைய ஆறு வயது மகள் அஃபீஃபாவின் குரல் பன்னிரண்டு அடிக்கு அப்பால் கேட்காமல் போனது. மற்றதெல்லாம் கேட்டது. தஞ்சாவூர் ரோட்டு பஸ் ஹாரன் கேட்டது, பக்கத்து வீட்டு ராக்கம்மாள் தன் மருமகளைப் பற்றி முணுமுணுத்ததும் சுத்தமாகக் கேட்டது. மகள் வாய் திறந்தால் மட்டும் நடுவே ஒரு முனகல் வந்து குந்திக்கொண்டது. காதில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் மூன்று முறை சொன்னார். ஓதிக் கொடுத்த தண்ணீரும் குடித்தாயிற்று. காற்றாலையால்தான் இப்படி என்று அவள் சொன்னதற்கு, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்று துபாயிலிருந்து கணவன் கலீம் போனில் சத்தம் போட்டான். முடிச்சு எங்கே விழுந்ததென்று நசீராவுக்குத்தான் தெரியும்.

துவாக்குடியில் ஒரு மாடி ஆபீசில் அவளுக்கு வேலை. கடலுக்குள் இறக்கிய மைக்குகள் பதிந்ததை ஹெட்போனில் கேட்டு எழுத வேண்டும். கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்து கடலை ஒட்டுக்கேட்கிற உத்தியோகம். காற்றாலை ஓடும்போது தூண் வழியாகத் தண்ணீருக்குள் இறங்கும் முனகல், கடற்பசுத் தாயையும் குட்டியையும் பிரிக்குமா என்று அனுமதி கொடுக்கிற அரசு ஆபீசில் கேட்டிருந்தார்கள். குட்டி கீச்சென்று கூப்பிடும், தாய் பதில் கொடுக்கும். கலங்கல் தண்ணீரில் இரண்டும் ஒன்றையொன்று தொலைக்காமல் இருப்பது அதனால்தான். நசீரா முதலில் நட்ட ஒரே ஒரு காற்றாலையை அளந்துவிட்டு, பாதிப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பொய்யில்லை, ஒன்றின் சத்தம் ஒன்றும் செய்யாதுதான். அறுபதும் சேர்ந்து முனகினால் என்னாகும் என்று யாரும் கேட்கவில்லை. பாவி, அவளும் கேட்கவில்லை.

காற்றாலை கூடக்கூட, மகள் குரல் கேட்கும் தூரம் அடியடியாகக் குறைந்தது. தையல் டேப் வைத்து வாராவாரம் அளந்தாள். பங்குனியில் காற்று படுத்துக்கொண்ட ஒரு நாள் மகள் தெருமுனையிலிருந்து கூப்பிட்டதுகூடக் கேட்டு, சந்தோஷத்தில் பாலைப் பொங்கவிட்டாள். அறுபதாவதும் நட்டு முடித்து ஆடியும் பிறந்தது. அம்மியும் பறக்கிற காற்றில் தூரம் ஒரு முழமாகச் சுருங்கியது. குழந்தை பாத்ரூமில் வழுக்கி விழுந்து கதறியது அடுப்படியில் நின்றவளுக்குக் கேட்கவில்லை, ராக்கம்மாள் ஓடி வந்து சொன்னாள். அதற்குப் பிறகு நசீராவுக்கு நின்றால் பயம், உட்கார்ந்தால் பயம். அறுபதையும் சேர்த்து மறுபடி அளக்க வேண்டும் என்று மேலதிகாரி மாதவனிடம் கேட்டுப் பார்த்தாள். எழுதினது சரியாகத்தானே இருக்கு, அதை ஏம்மா கிளறணும் என்றுவிட்டார்.

விடுவாளா அவள்? ஆடிப்பெருக்கு லீவில் மகளையும் பிடித்துக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் இருந்த அவர் வீட்டுக்கே கிளம்பினாள். வழியில் காவிரிக்கரை அம்மா மண்டபத்துக் கூட்டத்தில் மகளின் கை நழுவியது. எட்டடி தள்ளி நின்று அஃபீஃபா தொண்டை கிழியக் கத்தினாள். படித்துறையில் அத்தனை பேருக்கும் கேட்டது, பெற்றவளுக்குக் கேட்கவில்லை. நசீரா எதிர்ப்பக்கம் ஓடினாள். மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஒருத்தி, குழந்தை சொன்னதைப் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அவள் அடுத்தவளிடம் சொன்னாள். காப்பரிசி மென்ற வாயோடு நாற்பது பேர் சொல்லிச் சொல்லி, கடைசியில் முன்பின் தெரியாத ஒருத்தி நசீராவின் தோளைத் தொட்டு, "அம்மா, நான் அரசமரத்துக்கிட்ட நிக்கிறேன், சீக்கிரம் வா" என்றாள்.

மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டு, அழுத முகத்தோடேயே மாதவன் வீட்டுப் படியேறினாள்.

"எனக்கு வந்து சொல்ல நாப்பது பேர் இருந்தாங்க சார். கடலுக்குள்ள அந்தத் தாய்க்கு யாரு இருக்கா?"

மாதவன் போனை எடுத்து, அறுபதையும் சேர்த்து அளக்கச் சொன்னார். மறுவாரம் மைக்குகள் மறுபடி கடலில் இறங்கின. பதிவில் ஒரு குட்டி நூற்றுப் பதினேழு தடவை கூப்பிட்டது. தாயிடமிருந்து ஒரு பதில்கூட இல்லை. நசீரா அதை அப்படியே எழுதினாள், கீழே மாதவனும் கையெழுத்துப் போட்டார். அறிக்கை போய்ச் சேர்ந்ததாக ரசீது வந்தது, காற்றாலைகள் ஓடுகின்றன.

காட்டூரில் அஃபீஃபா இப்போது ஜன்னலில் நின்று தெருவுக்குச் சொல்கிறாள். இஸ்திரி போடுகிறவர் பால் பூத்துக்குச் சொல்ல, பால் பூத் ராக்கம்மாளுக்குச் சொல்கிறது. அறுபத்தெட்டு வயது ராக்கம்மாள் அடுப்படி வாசலில் வந்து நின்று, "அம்மா, பசிக்குது" என்கிறாள். "இதோ வந்துட்டேன் கண்ணு" என்று நசீரா தட்டை எடுக்கிறாள்.